டாக்டர் சலோமி எறிந்த தட்டு

செய்தி முருகேசனிடமிருந்து போனில் வந்தது. நான் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் நாஷ்டாவுக்குப் பொங்கல் கட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். "சார், டாக்டரம்மாவ லாரி அட்ச்சிடுச்சி சார்" என்றார். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போற மாரி இல்ல சார். நீங்க திருமுக்கூடல் ரோட்டாண்ட வாங்க" என்றார். பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே திருமுக்கூடல் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அதை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

டாக்டர் சலோமியை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உத்திரமேரூருக்குப் போகிற வழியில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஆய்வகம். மருந்துக் கம்பெனிகளுக்காக வெள்ளைச் சுண்டெலிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கிற இடம். மருந்து கொடுத்து முடிந்ததும் எலிகளைக் கொன்று, உடம்பைத் திறந்து, உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்கிறவர் சலோமி. அவர் எடுத்துத் தருகிற உறுப்புகளை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டித் தருகிறவன் நான். எலிகள் உயிரோடு இருக்கும்வரை அவற்றின் கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர் முருகேசன். அன்று காலை அவர் டி.வி.எஸ். வண்டியில் சலோமியின் ஸ்கூட்டருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

சாலை முழுக்க ஜல்லி சிதறிக் கிடந்தது. கல் குவாரி லாரி. எதிர்ப்பக்கம் ஏறி வந்து ஸ்கூட்டரை இடித்துத் தள்ளி, நிற்காமல் பின்சக்கரத்தைச் சலோமியின் வயிற்றின் மேல் ஏற்றி இறக்கியிருந்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. முருகேசன் தன் சட்டையைக் கழற்றி மூடியிருந்தார். ஒரு சட்டை போதவில்லை. உடம்பின் உள்ளே இருப்பதைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். தார் மேல் கிடந்த ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பெயர் தெரிந்திருந்தது. அந்தத் தொழிலை அன்றைக்கு வாய்விட்டுத் திட்டினேன்.

அஞ்சலியில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். தூங்குவது போல் இருந்தார் என்று நான் எழுதினால் சலோமி எழுந்து வந்து என்னை அறைவார். பார்த்ததை எழுதுவதுதான் அவருடைய வேலையே.

அவருக்குக் கோபம் வந்தால் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். நான் அதை முதலில் பார்த்தது எங்கள் அறுப்பு ரூமில். எலிகளை வாயு அடைத்த பெட்டிக்குள் விட்டு, மூச்சு நின்ற பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். டெக்னீஷியன் ஒருவர், ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், அவசரத்தில் ஒரு எலியை அரைகுறையாக எடுத்துக் கழிவுப் பைக்குள் போட்டுவிட்டார். பை அசைந்தது. சலோமி பையைக் கிழித்து எலியை வெளியே எடுத்து, கத்தரிக்கோலின் முதுகைக் கழுத்தில் அழுத்தி, வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. எலும்பு விலகுகிற சத்தம் கேட்டது. பிறகு ரத்தம் பட்ட கையுறையை அந்த டெக்னீஷியனின் வெள்ளைக் கோட்டில், நெஞ்சில், நிதானமாகத் துடைத்தார்.

"கொல்றதுக்குத்தான் சம்பளம் வாங்குற. அதையாவது ஒழுங்கா பண்ணு. பாதி கொல்றவன் என் ரூம்ல நிக்கக் கூடாது" என்றார்.

அந்த ஆள் கையை ஓங்கினார். சலோமி கத்தரிக்கோலைக் கீழே வைக்கவும் இல்லை, ஒரு அடி பின்னால் போகவும் இல்லை. நாங்கள்தான் ஆளைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுபோனோம். அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் எந்தப் பையும் அசைந்ததில்லை.

எலிகளும் நம்மைப் போலத்தான், எல்லாம் ஒழுங்காகப் பிறந்துவிடுவதில்லை. ஒன்றுக்கு மண்ணீரல் பக்கத்தில் பட்டாணி அளவில் இன்னொரு மண்ணீரல் இருக்கும். ஒன்றுக்குக் கண்மணியின் மேலேயே முடி முளைத்திருக்கும். ஒன்றின் கல்லீரல் உதரவிதானத்து ஓட்டை வழியாக நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த எலி அதோடு சௌக்கியமாகத் தின்று விளையாடிக்கொண்டு இருந்திருக்கும்; திறந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. மருந்தைச் சோதிக்கிறவர்களுக்கு இவை பெரிய தலைவலி. மருந்து செய்த கேடா, பிறவியில் வந்ததா? இதைத் தப்பாகச் சொன்னால் நல்ல மருந்து குப்பைக்குப் போகும், கெட்ட மருந்து மனிதன் வயிற்றுக்குள் போகும். "பொறந்தது வேற, செஞ்சது வேற. ரெண்டையும் கலக்கிறவன் ஒண்ணு முட்டாளு, இல்ல அயோக்கியன்" என்பார் சலோமி.

பிறவி என்ற சொல்லை அவர் லேசில் எழுத மாட்டார். ஏன் இத்தனை பிடிவாதம் என்று ஒரு தடவை கேட்டேன். கையில் இருந்த எலியின் தோலை உரித்துக்கொண்டே சொன்னார். அவருடையது திருமுக்கூடல் பக்கத்துக் காலனியில் கூலி வேலை செய்கிற கிறிஸ்தவக் குடும்பம். வகுப்பில் யாருடைய கம்மலோ காணாமல் போனபோது, "பொறவிப் புத்தி எங்க போவும்" என்று சொல்லிச் சொல்லி இவரைப் பிரம்பால் அடித்தார்களாம். கம்மல் சாயங்காலம் அந்தப் பெண்ணின் பாவாடை மடிப்பிலேயே கிடைத்ததாம். "அடிச்ச கைய நான் கடிச்சிட்டேன் வரதன். அதுக்கும் பொறவிப் புத்தின்னாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நிலம் வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. அந்த வார்த்தையை எங்கள் வீட்டு வாசலில் பல தடவை கேட்டு வளர்ந்தவன்.

இனி அந்தத் தட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஆண் எலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளையாக, கண் சிவப்பாக, பொம்மை மாதிரி இருக்கும். முன்பின் பழகாத இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். வாலைக் கடித்துத் துண்டாக்கும், முதுகுத் தோலைக் கிழிக்கும், விதையைக் குதறும். "காலையில கதவத் தொறந்தா உமியெல்லாம் ரத்தம் சார். நாலு கடிபட்டு கெடக்கும். ஒண்ணு மட்டும் மீசையத் தொடச்சிக்கினு ஷோக்கா குந்திங்கினு இருக்கும். அதான் ரவுடி" என்பார் முருகேசன். வாலாஜாபாத் மில்லில் இருந்து வருகிற உமியைத்தான் கூண்டுகளில் பரப்புவோம். கடிபட்ட எலியைச் சோதனைக்கு எடுக்க முடியாது; தூக்கிப்போட வேண்டியதுதான். அதனால் முருகேசன் ஒரு வழி வைத்திருந்தார். பால்குடி மறந்த நாளில் இருந்தே ஒரு தாய் வயிற்று ஆண்களை ஒரே கூண்டில் சேர்த்துவிடுவார். சேர்ந்து வளர்ந்தவை சண்டை போடுவது குறைவு.

"கூடப் பொறந்தவனுங்கள ஒண்ணா வுட்டா அட்ச்சிக்க மாட்டானுங்க டாக்டரம்மா" என்றார்.

"எங்க வூட்டுக்கு ஒரு தபா வந்து பாரு. ரெண்டு தம்பிங்க கீறானுங்க" என்றார் சலோமி. நடுச்சுவர் தகராறில் சின்னவன் பெரியவன் தலையில் கடப்பாரையை இறக்கியிருந்தான். தையல் போட்டுப் பிழைத்த பெரியவன், அதற்குப் பிறகு தம்பி முகத்தில் விழிப்பதில்லை. எல்லோரும் சிரித்தோம். எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் வரப்புக்காக மண்வெட்டி தூக்கியவர்கள் என்பதை நான் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு வலி மருந்து சோதனைக்கு வந்தது. முறைப்படி ஒவ்வொரு எலியையும் குலுக்கல் போட்டுப் பிரித்து, மருந்தே கொடுக்காத குழு, கொஞ்சம் கொடுக்கிற குழு, நிறையக் கொடுக்கிற குழு என்று அனுப்ப வேண்டும். பிரித்தால் அண்ணன் தம்பிகள் சிதறிப்போய் அந்நியர்களோடு சேர்வார்கள். கூண்டெல்லாம் ரத்தமாகும். சோதனையைப் பொறுப்பெடுத்து நடத்திய மேலாளர் யோசித்தார். "எதுக்கு வம்பு? கூண்டோட எடுத்துக்கோங்க" என்றார். அதாவது ஒரு கூண்டு முழுக்க ஒரே குழுவுக்கு. நானும் முருகேசனும் மற்ற எல்லோரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். சலோமி மட்டும் அன்று லீவு. எலிகள் கடித்துக்கொள்ளாமல் இருந்ததில் எல்லோருக்கும் திருப்தி.

மருந்து கொடுத்து முடிந்து எலிகளைத் திறந்தபோது, நிறைய மருந்து வாங்கிய ஆண்களில் பலவற்றுக்குச் சிறுநீரகம் நீர் கோத்துப் பன்னீர் திராட்சை மாதிரி உப்பியிருந்தது. கத்தி பட்டதும் நீர் பீச்சியடித்தது. உள்ளே சதை இல்லை, தோல் மட்டும். மற்றக் குழுக்களில் ஒன்றுக்குக்கூட இல்லை. மேலாளர் மாடியில் இருந்து இறங்கி வந்தார்.

"இது எலிகள்ல சகஜமா வர்ற பிறவிக் கோளாறுதானே டாக்டர். அப்படியே எழுதிடுங்க, கம்பெனிக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"சகஜம்தான். எல்லாம் சொல்லி வெச்ச மாரி ஒரே குரூப்ல வந்து உக்காந்துக்கினு கீதே, அதுவும் சகஜமா?"

"நீங்க எழுதலன்னா கையெழுத்துப் போட வேற ஆள் இருக்காங்க."

"போட்டுக்கட்டும். பொறவின்னா எனக்குக் காட்டணும். காட்டாம நான் எழுத மாட்டேன்."

அவர் வேலைக்கு உலை வைக்கிற பேச்சு அது. அந்தச் சம்பளத்தில்தான் அவர் அம்மாவின் மருத்துவம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

சலோமி முருகேசனைக் கூப்பிட்டு, இந்த எலிகளின் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தன. மருந்தின் வாசனையே படாமல் இனப்பெருக்க அறையில் இருந்தன. தகப்பனைத் திறந்தார், ஒரு பக்கச் சிறுநீரகம் உப்பியிருந்தது. அக்கா தங்கைகளைத் திறந்தார்; இரண்டுக்கு இருந்தது. தாய் அப்போது நிறைசூலி. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதையும் கொன்று கருப்பையை அறுத்து, இளஞ்சிவப்புக் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தை நறுக்கி லென்சுக்குக் கீழே வைத்தார். கண் திறக்காத, ரோமம் முளைக்காத குட்டிகள். அவற்றிலும் சிலவற்றுக்குச் சிறுநீரகம் உப்ப ஆரம்பித்திருந்தது.

"பொறந்ததுதான். இப்ப எழுதலாம்" என்றார். வெகுநேரம் கையைக் கழுவினார்.

மேலாளர் ஸ்வீட் வாங்கி வரச் சொன்னார். ஸ்வீட் வருவதற்குள் சலோமியின் அறிக்கை போய்விட்டது. கோளாறு பிறவியில் வந்தது என்பது முதல் பாதி. ஒரு வயிற்றுப் பிள்ளைகளைக் கூண்டோடு ஒரே குழுவில் போட்டதால்தான் அது மருந்தின் வேலை மாதிரித் தெரிந்தது, இப்படிப் பிரித்த சோதனையை எதற்கும் நம்ப முடியாது, முதலில் இருந்து செய்ய வேண்டும் என்பது அடுத்த பாதி.

மேலாளர் அறுப்பு ரூமுக்குள் வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. நேராக முருகேசனின் சட்டைக் காலரைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தார். மறுபடியும் அறைந்தார். "யாரைக் கேட்டு அண்ணன் தம்பிய ஒண்ணா போட்ட? இவனுங்க பிறவியே இப்படித்தான். எத்தன சொன்னாலும் மண்டையில ஏறாது" என்றார்.

தட்டு பறந்தது. உறுப்புகளை வைக்கிற எவர்சில்வர் தட்டு, கனமானது. மேலாளரின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதி விழுந்தது. அதில் இருந்த ஈரல்களும் குடல்களும் அவர் சட்டையில் வழிந்தன. கண்ணுக்குள் ரத்தம் இறங்க அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சலோமி அவர் முகத்துக்கு நேரே போய் நின்றார்.

"எலிக்கு பொறவின்னு எழுதறதுக்கு நான் அதோட அம்மா வயித்தக் கிழிச்சிப் பாத்தேன்யா. இவன் பொறவின்னு நீ எதக் கிழிச்சிப் பாத்த?" என்றார். எங்கள் பக்கம் திரும்பினார். "கூண்டோட எடுத்துக்கோன்னு சொன்னது யாரு? இவனா?"

"நீங்கதான் சார் சொன்னீங்க" என்றேன் மேலாளரைப் பார்த்து. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மேலாளருக்குத் தையல் போட்டார்கள். சலோமியைக் கொஞ்ச காலம் வீட்டில் உட்கார வைத்தார்கள். அவரைப் போல் கண் உள்ள இன்னொருவர் கிடைக்காததால் திரும்பக் கூப்பிட்டார்கள். முருகேசனின் வேலை தப்பியது. ஆண்களைத் தனித்தனிக் கூண்டில் வைத்து அந்தச் சோதனையை முதலில் இருந்து செய்தோம். அதற்கு மறுபடி அத்தனை புது எலிகளைக் கொல்ல வேண்டியிருந்தது. சலோமி வேறு யாரையும் தொட விடவில்லை. எல்லாவற்றையும் தன் கையாலேயே முடித்துவிட்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, "தப்பு நம்மளுது, சாவு அதுங்களுது" என்றார். அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

இப்போது பிணவறை வாசலுக்கு வருகிறேன். அரசு மருத்துவமனை வளாகத்தில், வேப்ப மரத்தடியில் நின்றிருந்தோம். சலோமியின் தம்பிகள் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள், அப்போதும் பேச்சில்லை. உள்ளே அறுத்துக்கொண்டிருந்தபோதே ஒரு செய்தி கசிந்து வெளியே வந்தது. சலோமியின் சிறுநீரகங்கள் இரண்டும் கீழே ஒன்றாக ஒட்டி, குதிரை லாடம் மாதிரி முதுகெலும்பின் குறுக்கே இருந்தனவாம். பிறவியில் வருவது. இது இருக்கிற பலர் கடைசிவரை தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போவார்கள். அவருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் எங்களிடம் பெருமையடித்திருப்பார்.

லாரிக்காரர் தரப்பில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டு, எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரரிடம் போனார். "இன்னா சார், அந்தம்மாவுக்கு கிட்னியே பொறவிக் கோளாறாமே. அதான் தாங்கல. நல்ல ஆளா இருந்தா பொழச்சிக்கினு இருக்கும். இதையும் சேத்து எழுதிக்கங்க" என்றார். போலீஸ்காரரின் பேனா அந்தப் பக்கம் சாய்வதை நான் பார்த்தேன்.

நான் யாரையும் கைநீட்டி அடித்தவன் இல்லை. அன்றைக்கு அறைந்தேன். உள்ளங்கை எரிந்தது. "லாரியும் பொறவியிலயே அவங்க வயித்து மேல இருந்துச்சாடா?" என்று கத்தினேன். அந்த ஆளோடு வந்தவர்கள் என்மேல் பாய்ந்தார்கள். முகத்தில் குத்து விழுந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. கீழே விழுந்தவனை உதைக்க வந்த காலை யாரோ பிடித்து முறுக்கினார்கள். நிமிர்ந்து பார்த்தால் பெரிய தம்பி. அவன் முதுகில் விழ வந்த கட்டையைச் சின்னவன் தன் கையில் வாங்கினான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். போலீஸ் தடியோடு வந்து விலக்கும்வரை அந்த இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்று அடித்தார்கள். முருகேசன் யாரோ கொடுத்திருந்த சட்டையும் கிழிந்து நின்றுகொண்டு, "நான் பாத்தேன் சார். ராங் சைடுல வந்து ஏத்துனான். எங்க கேட்டாலும் சொல்வேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுப் பெண். நான் வாயைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, அந்தச் சிறுநீரகம்…" என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"இருந்தத எழுதியிருக்கேன் சார். பிறவியில அமைஞ்சது, சாவுக்குச் சம்பந்தம் இல்லாததுன்னும் எழுதியிருக்கேன். அந்தச் சக்கரம் ஏறினா எந்தக் கிட்னியும் தாங்காது" என்றார். போலீஸ்காரரிடம் திரும்பி, "நீங்களும் அப்படியே எழுதுங்க" என்றார். சலோமியின் வாக்கியம் அது. அதை அவருக்காகவே இன்னொருத்தி சொல்லக் கேட்டு, அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வழக்கு நடக்கிறது. முருகேசன் வீட்டுக்கு இரண்டு பேர் பைக்கில் வந்து, நீ ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்த்ததைப் பார்த்தேன் என்றுதான் சொல்வேன் என்கிறார் அவர். கட்டுப் போட்ட கையோடு சின்னவனும், பக்கத்தில் பெரியவனும் அவரோடு கோர்ட்டுக்குப் போகிறார்கள். நானும் போவேன்.

எனக்கு மிச்சமாக இருப்பது அந்தத் தட்டு. சுவரில் மோதிய இடத்தில் ஒரு மூலை நெளிந்திருக்கிறது. மேசையில் வைத்தால் ஒரு பக்கம் ஆடும். கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கிற அந்த நேரத்தில், இது பிறந்ததா செய்ததா என்று எனக்குள் ஒரு குரல் அதட்டிக் கேட்கும். ஆய்வகத்தில் புதுத் தட்டுகள் வந்திருக்கின்றன, பழையதைத் தூக்கிப்போடலாம் என்கிறார்கள். அதன் மேல் கை வைக்க நினைப்பவர்கள் முதலில் என்னிடம் வந்து பேசட்டும்.